அரைத் திருகு

என் அக்காவின் கணவரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுநிலையாக எழுதுகிறேன் என்று பாவனை செய்ய எனக்கு வராது. ஒருவரைப் பற்றி இருபது வருடம் மனதுக்குள் கருவிக்கொண்டே இருந்துவிட்டு, பேனாவை எடுத்ததும் நியாயவான் ஆகிவிட முடியுமா?

தெருவில் அவருக்கு 'சிலிப்' என்று பெயர். தண்ணீர் பம்பு செய்யும் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். கம்பிவலை போட்ட ஜன்னலுக்குப் பின்னால் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். ஒரு பேரிங் வேண்டும் என்று தொழிலாளி வந்தால் ஃபோர்மன் கையெழுத்துப் போட்ட சிலிப் வேண்டும். சிலிப் இருந்தால் மட்டும் போதாது, தேய்ந்துபோன பழைய பேரிங்கையும் கொண்டுவந்து ஜன்னலில் வைக்க வேண்டும். பழசு வந்தால்தான் புதுசு வெளியே போகும். ஒரு முறை தீ அணைக்கும் வாளி கேட்டு ஓடிவந்தவனிடமும் சிலிப் கேட்டார் என்று சொல்வார்கள். பொய்யாக இருக்கலாம். ஆனால் அவரைத் தெரிந்த யாரும் அதைப் பொய் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அதே சட்டம்தான் வீட்டிலும். டார்ச்சுக்கு செல் வேண்டுமென்றால் தீர்ந்த செல்லைக் கையில் கொடுக்க வேண்டும். புது சோப்பு வேண்டுமென்றால் பழைய சோப்பின் மிச்சத்தைக் காட்ட வேண்டும். அது நகத்தளவு ஆகியிருக்க வேண்டும். வீட்டில் இருந்த எல்லாச் சாமான்களிலும் வெள்ளைப் பெயிண்டால் எண் எழுதிவைத்திருந்தார். நாற்காலி பதினொன்று. மேஜை விசிறி நாலு. அக்காவின் தையல் மிஷின் பதினெட்டு. அக்காவுக்கு மட்டும்தான் எண் இல்லை என்று நான் ஒரு நாள் சொன்னேன். அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவர் என்று சொல்வார்களே, அந்த ஜாதி. ஆனால் எப்படியோ எங்கள் பக்கத்தில் முதன்முதலாக வீடியோ டெக் வாங்கியவர் அவர்தான். தொலைக்காட்சியில் வருவதையெல்லாம் பதிவு செய்து, கேசட்டின் முதுகில் எண் ஒட்டி, பீரோவில் வரிசையாக அடுக்கினார். ஊரில் கேசட் வைத்திருப்பவனைச் சும்மா விடுவார்களா? இரவல் கேட்டு வந்தார்கள். எதிர்வீட்டு இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் ஒரு கேசட்டை வாங்கிப்போய், அதன் மேல் தன் மகன் சைக்கிள் பழகுவதைப் பதிவு செய்து, ஒரு மன்னிப்புகூடக் கேட்காமல் திருப்பிக் கொடுத்தார்.

அன்றைக்கு அத்தான் செய்த காரியத்தை வேறு எந்த மனிதப் பிறவியும் செய்திருக்காது. டெக்கின் மூடியைக் கழற்றினார். டேப்பை உள்ளே இழுத்து, படத்தைப் படிக்கும் டிரம்மைச் சுற்றிக் கொண்டுபோக இரண்டு சின்ன உருளைகள் உண்டு. அவற்றின் உயரத்தைக் கம்பெனியிலேயே அளந்து வைத்து அனுப்புவார்கள். உலகத்தில் உள்ள எல்லா டெக்கிலும் அந்த உயரம் ஒன்றுதான். அதனால்தான் ஒருவர் வீட்டுக் கேசட் இன்னொருவர் வீட்டில் ஓடுகிறது. இவர் அதில் ஒரு உருளையை ஸ்க்ரூ டிரைவரால் அரைத் திருகு திருகிவிட்டார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் டெக்கில் பதிவான கேசட் அவர் டெக்கில் மட்டும்தான் ஓடும். வேறு எதில் போட்டாலும் சத்தம் கேட்கும், படம் வராது. வெறும் வெள்ளைப் புள்ளிகள் கொதிக்கும். இரவல் வாங்கிப்போனவர்கள் திரும்பிவந்து புகார் சொன்னால், "கேசட் நல்லாத்தான் இருக்கு. உங்க மிஷினைப் பாருங்க" என்பார். பாவம் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட், தன் டெக்கை இரண்டு தடவை ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு போனார். வாடகைக் கேசட்டும் இவர் டெக்கில் சரியாக ஓடாது என்பதைப் பற்றி இவருக்குக் கவலையில்லை. வாடகை கொடுத்தால்தானே கவலை.

இதை அவரே என்னிடம் சொன்னார். நான் எலக்ட்ரானிக்ஸ் கடையில் வேலை செய்பவன், எனக்குப் புரியும் என்று நினைத்திருக்க வேண்டும். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரே ஒரு தடவைதான். வைக்கோல் போரில் படுத்த நாயும் இப்படித்தான் சிரிக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்களுக்கு ஒரே பெண். வீட்டில் பாப்பா என்று கூப்பிடுவோம். பதின்மூன்று வயதில் பள்ளி விழா நாடகத்தில் மளிகைக் கடைக்காரராக நடித்தாள். பெரிய ஒட்டுமீசை. இரண்டாவது வசனத்திலேயே மீசையின் ஒரு பக்கம் கழன்றுவிட்டது. அவள் அசரவில்லை. ஒரு விரலால் மீசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே, இன்னொரு கையால் தராசைத் தூக்கிப் பதினொரு நிமிடமும் நடித்து முடித்தாள். பள்ளியில் எடுத்த கேசட்டை ஒரு நாள் இரவல் வாங்கி, என் டெக்கிலிருந்து அத்தானின் டெக்குக்கு நான்தான் பதிவு செய்து கொடுத்தேன். அடுத்த வருடம் பள்ளிக்காரர்கள் அந்த மூலக் கேசட்டின் மேலேயே புது விழாவைப் பதிவு செய்துவிட்டார்கள். ஆக அந்த நாடகம் உலகத்தில் ஒரே ஒரு கேசட்டில்தான் இருந்தது. அதுவும் ஒரே ஒரு மிஷினில்தான் ஓடும்.

பாப்பாவுக்கு இருபத்திரண்டு வயதானபோது என்னை வெளியூர்க் கிளைக்கு மாற்றியிருந்தார்கள். இரண்டு வருடம் கழித்துத் திரும்பிவந்தால் வீட்டில் அவள் இல்லை. அக்கா பேசி முடித்து, வாக்குக் கொடுத்திருந்த இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வேறொரு ஊர் பஸ் டிப்போவில் எலக்ட்ரீஷியனாக இருந்த ஒரு பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாளாம். "அவ பேச்சை எடுக்காதே, உங்க அத்தான் வர்ற நேரம்" என்றாள் அக்கா. எனக்கு அது போதுமானதாக இருந்தது. விரட்டியவர் யார் என்று நான் கேட்கவேயில்லை. சோப்புத் துண்டுக்குக் கணக்குக் கேட்கும் மனிதர் இருக்கிற வீட்டில் அதையும் கேட்க வேண்டுமா என்ன?

அக்கா தினமும் பதினொரு மணிக்கு, சமையலை முடித்துவிட்டு, அந்தக் கேசட்டைப் போட்டுப் பார்ப்பாள். ஒரு நாள் ஆன்டெனா சரிசெய்யப் போனபோது நானும் கூட உட்கார்ந்து பார்த்தேன். மீசை கழன்றதும் அரங்கத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். அந்த இடத்தில் அக்கா மட்டும் சிரிக்காமல், "விட்டுடாதே, பிடிச்சுக்கோ" என்று டிவியிடம் சொன்னாள். முடிந்ததும் ரீவைண்ட் செய்து, அட்டைப் பெட்டியில் போட்டு, புடவை அடுக்குக்குப் பின்னால் வைத்தாள். பெற்ற பெண்ணை இப்படித் திருட்டுத்தனமாகப் பார்க்கவைத்துவிட்டானே பாவி என்று அவரைத்தான் திட்டினேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு செவ்வாய்க்கிழமை அத்தான் எங்கள் கடைக்குள் நுழைந்தார். வாழ்க்கையில் முதல் தடவை.

"எக்ஸ்சேஞ்ச்னு போர்டு போட்டிருக்கே. பழசைக் கொடுத்தா புது டெக் தருவீங்களா?"

"தருவோம். ஆனா உங்க டெக் நல்லாத்தானே ஓடுது?"

"உன்னை அபிப்பிராயம் கேட்கலை. தருவீங்களா, மாட்டீங்களா?"

நான்கு ஹெட் வைத்த புது மாடல், ரிமோட்டோடு, அடுத்த நாளே கொண்டுபோய் மாட்டிக் கொடுத்தேன். கல்லில் நார் உரித்த மாதிரி எனக்குள் ஒரு சந்தோஷம். கஞ்சனுக்கும் ஒரு நாள் கை நீளும் என்று மனதுக்குள் கிண்டல் செய்துகொண்டேன். பழைய டெக்குக்கு ரசீது கேட்டார். "ரப்பர் கால் மூணுதான் இருக்கு, நாலாவது இல்லைன்னு எழுது. பின்னால தகராறு வரக்கூடாது" என்றார். எழுதினேன். அக்கா அடுப்படி வாசலில் நின்று ரிமோட்டை வேடிக்கை பார்த்தாள். அவளுக்கு அந்த அரைத் திருகு விஷயம் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கு உறைக்கவில்லை. அதை இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. பழைய டெக்கை நானே என் கையால் தூக்கிக்கொண்டு வந்து கடையின் கோடவுனுக்கு அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்கு அக்கா கடைக்கு வந்தாள். துணிப்பைக்குள் கேசட். முகம் வெளுத்திருந்தது.

"நேத்தும் போட்டுப் பார்த்தேன், இன்னைக்கும் பார்த்தேன். பேச்சு மட்டும் கேட்குது. பாப்பா வரலைடா."

அப்போதுதான் எனக்கு மண்டையில் அடித்தது. இருந்தாலும் கடையில் வரிசையாக வைத்திருந்த எட்டு டெக்கிலும் ஒன்று மாற்றி ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன். எட்டிலும் அதே வெள்ளைப் புள்ளி. அதற்குள்ளிருந்து பாப்பாவின் குரல், "பருப்பு என்ன விலையா? பாக்கியை முதல்ல வைங்க" என்று கணீரென்று கேட்டது. மிக்ஸி வாங்க வந்த ஒரு குடும்பம் நின்று திரும்பிப் பார்த்தது. மீசை கழன்ற இடத்தில் அரங்கம் சிரித்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

எங்கள் கடை மெக்கானிக்கிடம் கேட்டேன். புது டெக்கைப் பிரித்து அதன் உருளையையும் அதே அளவுக்குத் திருகினால் படம் வரும், ஆனால் கம்பெனி சீலை உடைத்தால் கேரண்டி போய்விடும், முதலாளி என்னைக் கொன்றுவிடுவார், பழைய மிஷினைத் தேடிப் பாரேன் என்றார். நான் விவரமெல்லாம் அக்காவிடம் சொல்லவில்லை. உன் வீட்டுக்காரர் வேண்டுமென்றேதான் செய்திருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்குள் ஒரு திருப்தி இருந்தது, மறைக்க மாட்டேன். இத்தனை வருடம் கையில் சிக்காத ஆள், இப்போது கையும் களவுமாகச் சிக்கியிருக்கிறார்.

அக்கா கேசட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"இங்கேருந்து டிப்போ ஊருக்கு நேர் பஸ் இருக்காடா?"

"இப்போ எதுக்கு அதெல்லாம்? நீ வீட்டுக்குப் போ. டெக்கை நான் கொண்டு வர்றேன். இன்னைக்குச் சாயந்தரம் உன் வீட்ல இருக்கும்."

"நாளைக்கு சனிக்கிழமைதானே? கூட்டமா இருக்குமோ?"

"அக்கா, நீ வீட்டுக்குப் போன்னு சொல்றேன்ல."

அவள் போனாள். நான் முதலாளியிடம் வயிற்றுவலி என்று பொய் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கோடவுனுக்குப் பறந்தேன். எக்ஸ்சேஞ்சில் வந்த பழைய சாமான்கள் எல்லாம் அங்கே குவிந்து கிடக்கும். சனிக்கிழமை காலையில் லாரி வந்து காயலான் கடைக்கு அள்ளிக்கொண்டு போய்விடும். டிவி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி, டெக் என்று ஆள் உயரத்துக்கு இருந்தது. இரண்டு மணி நேரம் புழுதியில் புரண்டேன். கடைசியில் ஒரு டேப் ரெக்கார்டருக்கு அடியில், வெள்ளைப் பெயிண்டில் 'ஏழு' என்று எழுதி, மூன்று ரப்பர் காலோடு அது கிடந்தது.

கோடவுன்காரர் விடவில்லை. "இருபத்தாறு டெக்னு சீட்டு போயாச்சு. நாளைக்கு எண்ணிப் பார்த்து இருபத்தஞ்சு இருந்தா என் வேலை போகும்" என்றார். எனக்குத் தலைக்கு மேல் கோபம். ஊரெல்லாம் சிலிப்புகளாகவே நிறைந்துவிட்டதா? வீட்டுக்குப் போய் என் சொந்த டெக்கைக் கழற்றிக்கொண்டு வந்து குவியலில் வைத்தேன். அது நன்றாக ஓடிக்கொண்டிருந்த டெக். என் மனைவி மூன்று வாரம் என்னோடு பேசவில்லை.

அத்தான் வீட்டு கேட்டில் நான் ஸ்கூட்டரை நிறுத்தவும், அவர் வேலை முடிந்து வரவும் சரியாக இருந்தது. என் கையில் இருந்ததைப் பார்த்தார். கேட்டைத் திறக்காமல் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"எதுக்கு அதைக் கொண்டு வந்தே?"

"தெரிஞ்சுதானே மாத்தினீங்க?" என்றேன். "படம் வராதுன்னு தெரிஞ்சுதானே? பொண்ணைத்தான் விரட்டிட்டீங்க. பெத்தவ ஓரமா உட்கார்ந்து நிழலைப் பார்க்கிறது கூட உங்களுக்குப் பொறுக்கலையா? நீங்க மனுஷனா?"

"தெரிஞ்சுதான் மாத்தினேன்."

"வெட்கமில்லாம சொல்றீங்க."

"மெதுவாப் பேசு. பாப்பாவை நான் விரட்டலை. மூணு கடிதம் போட்டா. மூணையும் பிரிக்காமலே தபால்காரர்கிட்ட திருப்பிக் கொடுத்தது உங்க அக்கா. ஒரு நாள் நேராவே வந்து நின்னா. நான் அப்போ ஸ்டோர்ல. எதிர்வீட்டுக்காரர்தான் எனக்குச் சொன்னார். ஒரு மணி நேரம் இதே கேட்ல நின்னிருக்கா. உங்க அக்கா உள்ளே உட்கார்ந்து கேசட் பார்த்துட்டிருந்தா."

"பொய்."

"உங்கிட்ட பொய் சொல்லி எனக்கு என்ன ஆகணும்?"

"அப்போ இத்தனை நாளா ஏன் சொல்லலை?"

"நீ கேட்டியா?"

டெக் கையில் கனத்தது.

"மாசம் ஒரு சனிக்கிழமை ஸ்டாக் எடுக்கணும்னு சொல்லிட்டு நான் அங்கேதான் போறேன்" என்றார். "குழந்தைக்கு எட்டு மாசம். பையன். யார் மூலமாவோ கேள்விப்பட்ட மாதிரி உங்க அக்காகிட்ட அதைச் சொன்னேன். கேட்டுட்டு எழுந்து போய் கேசட்டைப் போட்டா. அந்த மீசை வச்ச பொண்ணு எதிர்த்துப் பேசாது. சொன்ன இடத்துல கட்டிக்க மாட்டேன்னு சொல்லாது. உங்க அக்காவுக்கு அது போதுமா இருக்கு. செத்தவளைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறா. அவ சாகலை. ஒன்றரை மணி நேர பஸ்ல இருக்கா." மூச்சு வாங்கினார். "கேசட்டை எடுத்து எறிஞ்சா என்னை ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டா. அதான் மிஷினை மாத்தினேன். ரெண்டு நாள் அழுவா, மூணாம் நாள் பஸ் ஏறுவான்னு நினைச்சேன். நாளைக்கு ஏறுவா. காலையிலயே புடவை எடுத்து வச்சுட்டா. திருப்பி எடுத்துட்டுப் போ."

காலையில் அக்கா பஸ்ஸைப் பற்றிக் கேட்டது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் சொன்னது அத்தனையும் உண்மை என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. திரும்பிப் போயிருக்கலாம். ஸ்கூட்டர் பக்கத்திலேயே நின்றது. ஆனால் அவர், சோப்புத் துண்டைக் கேட்டு வாங்கும் அந்த மனிதர், நியாயமான ஆளாக என் முன்னால் நிற்பதை என்னால் தாங்க முடியவில்லை. இருபது வருடமாக நான் வளர்த்த கோபம் அது. அவர் சொல்லி நான் கேட்பதா?

"அக்கா" என்று சத்தமாகக் கூப்பிட்டேன்.

அவள் வாசலுக்கு வந்தாள். டெக்கைப் பார்த்ததும் முகம் அப்படியே மலர்ந்தது. ஓடிவந்து கேட்டை அவளே திறந்தாள். அத்தான் கையை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

உள்ளே நாற்காலியின் மேல் இஸ்திரி போட்ட நீலப் புடவை ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதை நகர்த்திவிட்டு அக்கா என்னை உட்காரச் சொன்னாள். டெக்கை மாட்டினேன். படம் வந்தது. பாப்பா தராசைத் தூக்கினாள், மீசை கழன்றது, அக்கா "பிடிச்சுக்கோ" என்றாள். நான் அதோடு நிற்கவில்லை. இரண்டு டெக்கையும் ஒயர் போட்டு இணைத்து, பழையதில் ஓடவிட்டு, புதியதில் பதிவு செய்து, எந்த மிஷினிலும் ஓடும்படி மூன்று பிரதி எடுத்துக் கொடுத்தேன். இனி எந்தக் கொம்பனாலும் ஒன்றும் செய்ய முடியாது என்று அத்தானின் காதில் விழும்படி சொன்னேன். அவர் பின்கட்டில் கை கால் கழுவிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் அக்கா எங்கும் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. நான்கு வருடம் ஆகிறது. அத்தான் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போதும் மாதம் ஒரு முறை, ஸ்டாக் என்று பொய் சொல்லக்கூட வழியில்லாமல், நேராகச் சொல்லிவிட்டே போய்வருகிறார். என்னோடு அவர் பேசுவதில்லை. எனக்கும் அவரை இன்னும் பிடிக்கவில்லை. சரியாகச் சொன்ன ஆளை மன்னிப்பது தப்பு செய்த ஆளை மன்னிப்பதைவிடக் கஷ்டம்.

போன மாதம் கடை வேலையாக டிப்போ ஊருக்குப் போயிருந்தேன். பாப்பா வீட்டைத் தேடிக் கண்டுபிடித்துப் போனேன். பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டான். அவனுக்குச் சட்டை மாட்டிக்கொண்டே பாப்பா என்னிடம் கேட்டாள்.

"மாமா, நாலு வருஷம் முன்னால அப்பா ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார். அம்மா இந்தச் சனிக்கிழமை கண்டிப்பா வருவா, பஸ் ஸ்டாண்டுல போய் நில்லுன்னு. இவனைத் தூக்கிக்கிட்டு முதல் பஸ்லேருந்து சாயந்தரம் பஸ் வரைக்கும் நின்னேன். ஒவ்வொரு பஸ்லயும் ஏறி ஏறிப் பார்த்தேன். அப்பாகிட்ட கேட்டா எதுவும் சொல்ல மாட்டேங்கிறார். அன்னைக்கு அம்மா ஏன் மாமா வரலை?"

"எனக்கென்னம்மா தெரியும்" என்றேன்.